ஹீமோப்ரோட்டியஸ் குப்பண்ணனி

பேராசிரியர் சகஸ்ரநாமத்துக்குப் பெற்றவர்கள் ஆயிரம் பெயர்களைத் திரட்டி ஒரே பெயராக வைத்திருந்தார்கள். அவரோ ஐம்பது வயது தாண்டியும் ஒரு ஜீவனுக்குக்கூடப் பெயர் வைத்ததில்லை. விலங்கியல்காரர்கள் நடுவே இது பிள்ளையில்லாத குறையைவிடப் பெரிய குறை. பிள்ளையில்லாதவனைக் கல்யாண வீட்டில் ஓரமாக அழைத்துப்போய் விசாரிப்பார்கள். புதிய இனம் எதையும் கண்டுபிடித்துப் பெயரிடாதவனை அகில இந்திய மாநாட்டில், காபி வரிசையில், எல்லார் காதிலும் விழும்படி விசாரிப்பார்கள். எழுபத்து மூன்றாம் வருஷ மாநாட்டில் நத்தைப் புழு நிபுணர் ஒருவர் அப்படித்தான், "உங்களுடைய இனம் எது, புரொபசர்?" என்று கேட்டுவைத்தார். நத்தைப் புழுக்காரர் கையில் ஒரு டஜன் இனங்கள் இருந்தன. அவற்றில் இரண்டுக்குச் சம்பந்திகளின் பெயர். சகஸ்ரநாமம் காபியை அப்படியே வைத்துவிட்டுக் தன் ஊரான பாலக்காட்டுக் கல்பாத்திக்கு ரயிலேறினார். ரிட்டயராவதற்குள் ஓர் இனம். ஒன்றே ஒன்று போதும். அதற்கப்புறம் பென்ஷன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அவருடைய துறை காட்டுப் பறவைகளின் ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிகள். வலை கட்டிப் பறவையைப் பிடித்து, இறக்கைக்கு அடியில் ஓடும் ரத்தக் குழாயில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிசாகத் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பறவையின் சிவப்பணுவுக்கு நடுவில், பலாச்சுளைக்குள் கொட்டை போல, ஒரு கரு இருக்கும். ஒட்டுண்ணி அந்தக் கருவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வளைந்து கிடக்கும். அதன் உடம்பில் சின்னச் சின்ன மணிகள். மணிகள் எப்படி இருக்கின்றன, என்ன நிறம், எங்கே கூடிக் கிடக்கின்றன என்று பார்த்து, இது இன்ன ஜாதி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஜாதி பிரிக்க நம் ஊரில் யாருக்கும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சகஸ்ரநாமத்துக்கு எதிர்ப்பட்ட ஒட்டுண்ணிகள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போனவையாகவே இருந்தன.

இந்த நிலையில்தான், பாலக்காட்டுச் சித்தூருக்கு அடுத்த பெருமாட்டி என்ற ஊரில் குப்பண்ணனின் தென்னந்தோப்பு கிடைத்தது.

குப்பண்ணன் அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணாடி. நிலச் சீர்திருத்தத்தில் போனது போக மிச்சமே கண்ணுக்கெட்டாத தூரம். தோப்பு நிறைய மணிப்புறா. காலேஜ் வாத்தியார் ஒருவர் தன் தோப்புக்குக் கண்ணாடிப் பெட்டியோடு வந்ததில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. களத்து அறையை ஒழித்துக் கொடுத்தார், ஜீப்பைக் கொடுத்தார், ஜீப்போடு அலவி என்ற டிரைவரையும் கொடுத்தார்.

"ஏனுங் சாமி, புறாவுக்கு ஒடம்புக்கு என்னங்க?" என்று வலையடியில் நின்று கேட்டார்.

"ஒண்ணுமில்லே. ரத்தத்துல என்ன இருக்குன்னு பார்க்கறேன், அவ்வளவுதான்."

"மனுசனுக்கே வேலந்தாவளத்துல ரத்தம் பாக்க ஆளில்லீங்க. புறாவுக்கு ஊடு தேடி வந்து பாக்கறீங்க. குடுத்து வெச்ச புறாவுங்க."

பெருமாட்டியில் இரண்டாம் நாளே ஒரு சின்ன விபத்து நடந்தது. சாயத்தைக் கரைக்க சகஸ்ரநாமம் பாலக்காட்டிலிருந்து டின்னில் கொண்டுவந்திருந்த காய்ச்சி வடித்த தண்ணீரை, அலவி எடுத்து ஜீப் பேட்டரியில் ஊற்றிவிட்டான்.

"டிஸ்டில் வாட்டர்னு எழுதியிருந்ததே சாரே? பின்னெ அது பேட்டரிக்கு அல்லாமல் யாருக்காக்கும்?"

சகஸ்ரநாமம் டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார். திரும்பிப் போய் வேறு தண்ணீர் கொண்டுவர ஒரு நாள் வீணாகும். குப்பண்ணனின் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. இன்று ஒரு நாளைக்குத்தானே என்று அதிலேயே சாயத்தைக் கரைத்தார்.

அன்று சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவில்லை. ஒட்டுண்ணியின் உடம்பெங்கும் கருநீல மணிகள். பொன்பழுப்பு மணிகளைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. இத்தனை பெரிய, இத்தனை நீலமான மணிகளை எந்த வெள்ளைக்காரனும் வரைந்து வைத்ததில்லை. அடுத்த புறாவிலும் அதே நீலம். அதற்கடுத்ததிலும் அதே. இவ்வளவு அதிர்ஷ்டமான தண்ணீரை மாற்றுவானேன் என்றோ என்னவோ, அப்புறம் அவர் டின் கொண்டுவரவே இல்லை. அதிர்ஷ்டம் வரும்போது அது எந்தக் குழாய் வழியாக வருகிறது என்று ஆராய்கிறவன் விஞ்ஞானி. சகஸ்ரநாமம் அன்றைக்கு வெறும் சந்தோஷக்காரர்.

பெயர் வைக்கும் நேரம் வந்தது. கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது இந்தத் துறையில் நாகரிகக் குறைவு. ஆனால் யார் பெயரை வைத்தாலும் அதன் வால் போல, வைத்தவர் பெயரும் வருஷமும் காலம் உள்ளவரை ஒட்டிக்கொண்டு வரும். வால் தன்னுடையதாக இருந்தால் தலை யாருடையதாக இருந்தால் என்ன? தோப்பு இன்னும் வேண்டியிருந்தது, ஜீப்பும் வேண்டியிருந்தது. 'ஹீமோப்ரோட்டியஸ் குப்பண்ணனி, சகஸ்ரநாமம், 1974' என்று ஒரு விலங்கியல் இதழில் நாலு பக்கம் அச்சேறியது.

"பண்ணாடி, இனிமே உலகத்துல எந்த மூலையில விலங்கியல் படிக்கறவனும் உங்க பேரைச் சொல்லியாகணும், கேட்டேளா."

"லண்டன்லீங்களா?"

"லண்டன்லேயும்தான். மாஸ்கோவிலேயும்."

மாஸ்கோ என்றதும் குப்பண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத் தலைவர் தேர்தல் வந்துகொண்டிருந்தது. குப்பண்ணனை எதிர்த்து நின்ற காளிச்சாமிக்குச் சகாக்களின், அதாவது கம்யூனிஸ்ட் தோழர்களின், ஆதரவு. அவர்கள் வாரத்துக்கொரு ஜாதா என்று ஊர்வலம் விட்டு, 'உறிஞ்சாதே, உறிஞ்சாதே, உழவன் ரத்தம் உறிஞ்சாதே' என்று குப்பண்ணன் வீட்டு வாசல் வழியாகவே கத்திக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவர்களின் மாஸ்கோவிலேயே தன் பெயர் என்றால் சும்மாவா? எதற்குப் பெயர் என்று அவர் கேட்கவில்லை. புறாவுக்கு என்று தானாக முடிவு செய்துகொண்டார். சகஸ்ரநாமமும் திருத்தவில்லை, நுட்பமான விஷயங்களைப் பாமரருக்கு விளக்குவது சிரமம் என்பது அவர் கொள்கை.

வாசகசாலை மைதானத்தில் ஸ்வீகரணம் என்ற பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. தென்னங்குருத்துத் தோரணம், ஒலிபெருக்கி, மேடைக்குப் பின்னால் ஒரு துணியில் புறா. புறாவின் முகம் ஏறக்குறைய குப்பண்ணன் ஜாடை, மீசையும் இருந்தது. சகஸ்ரநாமம் முக்கால் மணி நேரம் பேசினார். அரிஸ்டாட்டிலில் தொடங்கி, மலேரியா வழியாக வந்து, கடைசியில் தன்னிடம் முடித்தார். கூட்டம் பாதி தூங்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் காளிச்சாமி மிகப் பணிவாக எழுந்தார்.

"ஏனுங்க புரபசர், ஒரு சந்தேகமுங்க. இந்தக் குப்பண்ணனி இருக்குதுங்களே, அது எங்கீங்க குடியிருக்குது?"

"பேஷ், நல்ல கேள்வி. புறாவோட ரத்தத்துலயாக்கும்."

"என்னங்க சாப்படுது?"

"அந்த ரத்தத்தையேதான்."

"அதுக்கு வேற சோலி ஏதாச்சும் உண்டுங்களா?"

"வேற ஒண்ணும் பண்ணாது. இருந்த எடத்துலயே இருந்துண்டு பெருத்துண்டே போகும்."

"அப்பறம் ஒண்ணே ஒண்ணுங்க. அதனால புறாவுக்கு ஏதாச்சும் லாபமுங்களா?"

"துளிக்கூட இல்லே," என்றார் சகஸ்ரநாமம், ஒலிபெருக்கியில், மன நிறைவோடு.

முதலில் பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது முன்வரிசைக்கு வருவதற்குள் சோடாக்காரன் வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். சகாக்கள் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியதை, ஒரு காலேஜ் புரொபசர் லத்தீன் மொழியில் ருசுப்படுத்திவிட்டார். மறுநாள் ஜாதாவில் கோஷம் நீண்டிருந்தது: 'புறா ரத்தமும் உறிஞ்சாதே!' வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் ஒரு தரகன், உண்ணி மொய்த்த எருமையைக் காட்டி, "கொஞ்சம் குப்பண்ணன் இருக்குது, வேப்பெண்ணெய் போட்டா உதுந்துருமுங்க" என்று விலை பேசினான்.

குப்பண்ணன் களத்து அறைக்கு வந்தபோது மேல்துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது.

"பேரை எடுங்க."

"எடுக்க முடியாது, பண்ணாடி. அச்சான பேர் அச்சானதுதான். சர்வதேச விதி. பிழையா இருந்தாலும், சம்பந்தப்பட்டவா மனசு நொந்தாலும், முதல்ல வெச்ச பேர்தான் நிக்கும்."

"எம் மச்சினன் பேரு பிடிக்கலீன்னு கெசட்டுல போட்டு மாத்திக்கிட்டானுங்க. மனுசனுக்கே மாத்தறாங்க. புறாப் பூச்சிக்கு மாத்தப்படாதா?"

"மனுஷாளுக்கு அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது."

"வேற வழியே இல்லீங்களா?"

வழி ஒன்று இருந்தது. இந்த ஒட்டுண்ணி புதிது அல்ல, பழையதேதான் என்று பெயர் வைத்தவரே எழுதிவிட்டால் பெயர் செத்துவிடும். சகஸ்ரநாமம் நேர்மையானவர், வழியைச் சொல்லிவிட்டார். சொன்ன வேகத்திலேயே, "ஆனா அது புதுசாச்சே! என் வாழ்நாள்ல கெடைச்ச ஒண்ணே ஒண்ணு அதாக்கும். அதைப் போய் என் கையாலேயே..." என்று சில்லுப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என் தோப்புல இனி வலை கட்டாதீங்க," என்று சொல்லிவிட்டுக் குப்பண்ணன் போனார். வீட்டுக்காரி கமலாத்தாள்தான் மனசு கேளாமல், புறப்பட்டுப் போகிறவருக்கு வழியில் குடிக்க ஆகட்டும் என்று அவருடைய கூஜாவில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள்.

சகஸ்ரநாமம் மூணாறு மலையிலுள்ள சூரியநெல்லிக்குப் போனார். மலைப் புறாவிலும் தன் இனம் இருக்கிறதென்று காட்டிவிட்டால், பெருமாட்டியின் கேலியெல்லாம் அடிவாரத்திலேயே நின்றுவிடும் என்று கணக்கு. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் சுவக்கீன் ஒரு மேஜையை ஒதுக்கிக் கொடுத்தார். பஞ்சாங்கத்தில் இல்லாத நோய்க்கெல்லாம் ஒரே ஊதாக் கலவை கொடுத்துச் சமாளிக்கிறவர் அவர். மழைத்தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சி வைத்திருந்தார். அதில் சாயம் கரைத்தார் சகஸ்ரநாமம்.

நீல மணி இல்லை. ஒட்டுண்ணி இருந்தது, கருவைக் கட்டிக்கொண்டு சமர்த்தாகக் கிடந்தது, உள்ளே பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் அதே பொன்பழுப்பு மணிகள். வெள்ளைக்காரன் வைத்த பழைய பெயர்தான் அதற்கு. மறுநாளும் அப்படியே. முதலில் அவருக்குத் தோன்றியது, இது மலை இனம், அது சமவெளி இனம் என்பது. இரண்டு தனி ஜாதிகள்! அதற்கு அடுத்த நாள், பெருமாட்டியில் செய்ததை ஒன்று விடாமல் அப்படியே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தார். அதே சில்லு, அதே சாயம், அதே நேரம். கூஜாவில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. அதையும் விடவில்லை.

நீலம் வந்தது! மலைப் புறாவில், குலைகுலையாக!

"சுவக்கீன்! குப்பண்ணன் மலையேறியாச்சு!"

"யாரு சார் அது? பாஸ் வாங்கிட்டுத்தான் வந்தாரா? மானேஜர் வையுவாரே."

விவரம் தெரிந்ததும் சுவக்கீனுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. "சார், ரெண்டு நாளா ஒடம்பு அசதியா கெடக்கு. என் ரத்தத்தையும் ஒரு தடவ பாத்துச் சொல்லுதியளா? புறாவுக்குப் பாக்கிய, கம்பவுண்டருக்குப் பாக்கப்பிடாதா?"

சந்தோஷத்தில் இருப்பவர்கள் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. சகஸ்ரநாமம் அவர் விரலில் குத்தி, சில்லில் தடவி, கரைத்து வைத்திருந்த அதே சாயத்தைப் போட்டுக் குனிந்தார். மனிதச் சிவப்பணுவில் கரு கிடையாது, ஒட்டுண்ணியும் இல்லை. ஆனால் நீல மணிகள் இருந்தன. அணுவின் மேலும் இருந்தன. அணு இல்லாத வெறும் கண்ணாடியின் மேலும் இருந்தன.

"என்ன சார், பேச மாட்டேங்கிய? எனக்குப் புறாச் சீக்கா? வீட்ல பிள்ளைய இருக்கு சார்!"

"ஒமக்கு ஒண்ணும் இல்லே ஓய்." சகஸ்ரநாமம் ஊசியை எடுத்தார். தன் விரலைக் குத்திக்கொண்டார். அங்கேயும் நீலம். கடைசியாக, ரத்தமே இல்லாத சுத்தமான சில்லில் சாயத்தை ஊற்றிப் பார்த்தார். எந்தப் பிராணியும் இல்லாத இடத்தில், ஹீமோப்ரோட்டியஸ் குப்பண்ணனி தன் எல்லா அடையாளங்களோடும் செழிப்பாக இருந்தது. கூஜாவில் வந்த, கார உப்பு மிகுந்த கிணற்றுத் தண்ணீரில் சாயம் திரிந்து படிந்த கசடு. முதல் வருஷப் பையன்களுக்கு அவரே பாடம் நடத்தியிருக்கிறார்: தண்ணீரைக் கவனி.

இறங்கும் பஸ்ஸில் மூணாறு வரைக்கும் அவர் தன்னோடு வாதாடினார். யாருக்குத் தெரியும்? பெருமாட்டித் தண்ணீரைக் கூஜாவில் எடுத்துப்போய் எவன் சரிபார்க்கப் போகிறான்? உடுமலைக்கு வரும்போது வாதத்தில் தோற்றிருந்தார். பொள்ளாச்சியில் பஸ் மாறும்போது, தன் இனத்தைத் தானே கொல்லும் தியாகியாகத் தன்னைப் பார்த்துக் கொஞ்சம் கண்கலங்கவும் செய்தார். குப்பண்ணன் காலில் விழாத குறையாக நன்றி சொல்வார் என்று ஒரு சின்ன எதிர்பார்ப்பும் இருந்தது.

தேர்தலில் தோற்றுப்போயிருந்த குப்பண்ணன், வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுக்களையில் கமலாத்தாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"பண்ணாடி, உங்க பேரை எடுத்துடறேன். வாபஸ் வாங்கி எழுதிடப் போறேன்."

"அப்படிங்களா!" குப்பண்ணன் எழுந்தே விட்டார். "என்னன்னு எழுதுவீங்க?"

"உள்ளதை எழுதுவேன். பெருமாட்டியில் இன்னார் தோட்டத்துக் கிணத்து நீர் காரத்தன்மை மிகுந்திருந்தபடியால் சாயம் திரிந்து..."

"இருங்க, இருங்க. கெணறு உப்புன்னு அச்சடிப்பீங்களா?"

"உப்புன்னு சொல்ல மாட்டேன். காரத்தன்மை..."

"ஊருக்குள்ள அதுக்குப் பேரு உப்புதானுங்க!" குப்பண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சாமி, நெலத்துக்கு வெலை மண்ணுலயா இருக்குது? தண்ணியில இருக்குது. புள்ளைக்குப் பொள்ளாச்சியில கல்யாணத்துக்கு எடம் பாத்துட்டிருக்கறன். அவீக மொதல்ல கேக்கறதே 'தண்ணி எப்படீங்க'ன்னுதான். உப்புக் கெணத்துக்காரன்னு லண்டன் வரைக்கும் எழுதிட்டா, எம் மூஞ்சிய எங்க கொண்டு வெக்கறது?"

"அப்போ ரத்தம் குடிக்கறவர்ன்னு..."

"அது போச்சாதுங்க, போனாப் போகட்டும். பெரிய மனுசன்னா நாலு பேரு அப்படித்தான் சொல்லுவான். கிருமியாவே இருந்துட்டுப் போறனுங்க. கெணத்தைப் பத்தி மட்டும் எழுதாதீங்க. தோப்புல வலை கட்டிக்குங்க, ஜீப்பை எடுத்துக்குங்க, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க."

சகஸ்ரநாமத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனம் பிழைத்துவிட்டது! உண்மையைச் சொல்ல வந்தவனைச் சொல்லவிடாமல் தடுத்தால், அவன் என்ன செய்வான் பாவம்? சம்பந்தப்பட்டவரே வேண்டாமென்கிறார். "ஆழ்ந்து யோசிச்சா," என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார், "இனம்ங்கறதே ஒரு கருதுகோள்தான். ஒரு ஜீவனை அதன் சூழலிலிருந்து, அதன் நீரிலிருந்து பிரிச்சுப் பார்க்க முடியுமோன்னு தத்துவார்த்தமா ஒரு கேள்வி இருக்கு. அரிஸ்டாட்டில் என்ன சொல்றார்ன்னா..."

"ஏனுங் சாமி." கமலாத்தாள் கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். "குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணுதானுங்க. அந்தப் பூச்சி இருக்குதுங்களா, இல்லீங்களா?"

மாநாடுகளில், வகுப்புகளில், வாசகசாலை மைதானத்தில், சகஸ்ரநாமம் எந்தக் கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னவர் அல்ல. காபி வரிசை கண்ணுக்குள் வந்து போயிற்று.

"இல்லை," என்றார்.

அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் எதையும் சேர்க்க அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப எழுதிப்போடுங்க," என்றாள் கமலாத்தாள்.

குப்பண்ணன் சகஸ்ரநாமத்தின் பக்கம் திரும்பினார். "பூச்சியே இல்லீன்னா, ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சுதே, அது?"

"அது நெஜமாக்கும்," என்றார் சகஸ்ரநாமம். "அதை வாபஸ் வாங்க விதியில இடமில்லே."

"அலவீ!" குப்பண்ணன் வாசலைப் பார்த்துக் கத்தினார். "வண்டிய எடு. சாமியைச் சித்தூர் பஸ்ஸுல ஏத்திட்டு வா. வலை, குச்சி, கண்ணாடி ஒண்ணு விடாம எல்லாத்தையும் ஏத்து. இனி இந்தத் தோப்புப் பக்கம் யாரும் புறா பாக்க வேண்டாம்."

"வெறும் வயித்தோட அனுப்பாதீங்க," என்றாள் கமலாத்தாள். "அடுப்புல பருப்பு கெடக்குது. வெந்ததும் ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் போகட்டும்."

"பருப்பா?" என்று சீறினார் குப்பண்ணன். "இந்தத் தண்ணியில அது என்னைக்குப் புள்ள வேகறது?"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. கமலாத்தாள் கரண்டியோடு உள்ளே போனாள். சகஸ்ரநாமம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.